மேஜைமேல் ஒரு சட்டம்

பாஸ்டன் நகரத்து அரசாங்க மாளிகையில் முன்னாள் கவர்னர்களின் சித்திரங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மிட் ராம்னியுடையது. மேஜை விளிம்பில் அமர்ந்திருக்கிறார். அருகே இரண்டு பொருள்கள்: ஒன்று மனைவியின் புகைப்படம், மற்றொன்று வைத்தியச் சின்னம் பொறித்த ஒரு தோல் அட்டைக் கட்டு. அவர் கையெழுத்திட்ட மருத்துவ இன்ஷூரன்ஸ் சட்டம் அது. வருங்காலத்தார் தம்மை நினைக்க அந்த ஒன்று போதும் என்று அவர் எண்ணினார் போலும். அதுவே பிற்பாடு அவர் காலைச் சுற்றிய பாம்பாயிற்று.

நாவலில் ஒரு பாத்திரம் தன் சுபாவத்துக்கு மாறாக நடந்துவிட்டால் வாசகர்கள் என்னைச் சும்மா விடுவதில்லை. ராம்னியையும் அவருடைய கட்சிக்காரர்கள் அப்படித்தான் பிடித்துக்கொண்டார்கள். 'இவர் உண்மையில் கன்ஸர்வேடிவ்தானா?' என்றார்கள்.

2006 ஏப்ரல் 12-ஆம் தேதி பாஸ்டனில், பழம்பெருமை வாய்ந்த பானியுல் மண்டபத்தில் அவர் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் எல்லாரும் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். ஏழைக்கு அரசாங்கம் உதவும். வசதி இருந்தும் எடுக்காதவருக்கு அபராதம். மேடையில் உடன் இருந்தவர் எட்வர்ட் கென்னடி. 1994-ல் செனட் தேர்தலில் ராம்னியைத் தோற்கடித்த அதே கென்னடி!

இந்தக் கட்டாயம் இடதுசாரிகளின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். 1989-ல் ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்ற கன்ஸர்வேடிவ் ஸ்தாபனம் வெளியிட்ட யோசனைதான் அது. இன்ஷூரன்ஸ் இல்லாதவன் உயிர் போகும் நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவனை விரட்ட முடியாது. செலவு பிறர் தலையில் விழும். ஆகவே தன் பாரத்தைத் தானே சுமக்கட்டும் என்பது வாதம். இதைவிடக் கறாரான கன்ஸர்வேடிவ் பேச்சு ஏது?

2010 மார்ச் 23-ல் ஜனாதிபதி ஒபாமா அதே கட்டாயத்தை நாடு முழுவதற்கும் சட்டமாக்கினார். அவ்வளவுதான்! நேற்றுவரை பொறுப்புணர்ச்சியாக இருந்தது இன்று கொடுங்கோன்மை ஆயிற்று. பாத்திரம் மாறவில்லை, வாசகர்கள் மாறிவிட்டார்கள்.

2011 மே மாதம் ஆன் ஆர்பரில் ராம்னி விளக்கம் சொன்னார். ஒரு மாநிலம் தனக்குச் செய்துகொள்வது வேறு, மத்திய சர்க்கார் எல்லார் மீதும் சுமத்துவது வேறு என்றார். இது வெறும் சால்ஜாப்பு அல்ல. மாநில உரிமை அந்நாட்டில் பழைய கொள்கை. ஆனால் சந்தேகம் ஓயவில்லை. போட்டியாளரான டிம் பாலென்டி, ஒபாமா பெயரையும் ராம்னி பெயரையும் ஒட்டிப் புதுச் சொல்லே உண்டாக்கினார். 2012 பிப்ரவரியில், தாம் கடுமையான கன்ஸர்வேடிவ் கவர்னராக இருந்ததாக ராம்னி சொல்ல நேர்ந்தது. அபேட்சகர் பதவி கிடைத்தது, நவம்பரில் தோற்றார்.

என் அபிப்பிராயத்தில் அவர் குற்றம் சட்டம் செய்தது அல்ல. அவருடைய மாநிலத்தில் இன்ஷூரன்ஸ் இல்லாதோர் விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவாயிற்று. அதைத் தயங்காமல் மார்தட்டிச் சொல்லத் துணியாததுதான் குற்றம்.

2015-ல் அவர் நண்பர் தாமஸ் ஸ்டெம்பர்க் காலமானார். எல்லாருக்கும் வைத்திய வசதி கிடைக்க வழி செய்யும்படி ராம்னியைத் தூண்டிய வியாபாரி அவர். அவர் இல்லாவிட்டால் மாஸசூஸெட்ஸ் சட்டம் இல்லை, அது இல்லாவிட்டால் ஒபாமா சட்டமும் இல்லை என்று ராம்னி அப்போது சொன்னார். துக்கத்தில் உண்மை வெளிவந்தது. உடனேயே, ஒபாமா சட்டத்தை இன்னும் எதிர்ப்பதாக விளக்கமும் வந்தது.

சித்திரக்காரர் வரைந்த அந்தக் கட்டு மட்டும் விளக்கம் எதுவும் சொல்லாமல் மேஜைமேல் கிடக்கிறது.