படைக்கலம்

படை + கலம். கலம் என்றதும் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் உண்கலம், அணிகலம், மரக்கலம் என்று சோற்றுத் தட்டு முதல் கப்பல் வரை எல்லாவற்றையும் அந்தச் சொல் தாங்கும். ஆகவே வாள் மட்டுமல்ல, போருக்கு உதவும் எந்தக் கருவியும் படைக்கலமே. 'ஆயுதம்' வடமொழி வரவு. போரிடுதலைக் குறிக்கும் 'யுத்' அதன் வேர். கனடாவில் ரூஜ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஆயுத பூசைக்குக் காருக்கும் கணினிக்கும் பொட்டு வைப்பவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை, யோசிக்கவும் வேண்டாம்.

சட்டம் யோசித்தாக வேண்டும். 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஆயுத வணிக ஒப்பந்தம் உதிரிப்பாகங்களையும் கணக்கில் எடுக்கிறது. அன்றைய வாக்கெடுப்பில் இந்தியாவும் இலங்கையும் நடுநிலை வகித்தன. கனடா 2019இல் இணைந்தது. கடும் மனித உரிமை மீறலுக்குப் பயன்படும் கணிசமான ஆபத்து தெரிந்தால் ஏற்றுமதி உரிமம் தரக்கூடாது என்கிறது அதன் சட்டம். அமெரிக்காவுக்குப் போகும் பெரும்பாலான தளவாடங்களுக்கோ உரிமமே தேவையில்லை. பெரிய ஓட்டைதான்.

ஒன்டாரியோவின் வெஸ்கேம் நிறுவனம் செய்த கேமரா, துருக்கி ட்ரோன்களில் ஏறி, 2020 நகோர்னோ-கராபாக் போரில் அசர்பைஜானுக்கு இலக்குக் காட்டியது. அதில் குண்டும் இல்லை, குழலும் இல்லை, ஆனாலும் படைக்கலம். 2021 ஏப்ரலில் கனடா அந்த உரிமங்களை ரத்து செய்தது. சுவீடன் நேட்டோவில் சேரத் துருக்கி இசைந்ததும், 2024இல் தடை தளர்ந்தது.