ஒலிநாடாவும் பாடவேறுபாடும்: தில்லிச் சுருள்நாடாப் பதிவுகளை முன்வைத்து

பனையோலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் வேறுபடா. ரகரமும் காலும் ஒன்றுபோல் நிற்கும். இவற்றை அறிந்தவரே சுவடியைப் பிழையறப் படிக்க இயலும் என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு நமக்கு உணர்த்தியுள்ளது. சி.வை.தாமோதரம்பிள்ளை, உ.வே.சாமிநாதையர் முதலியோர் பாடவேறுபாடுகளை ஆராய்ந்தபோது, நூலாசிரியர் சொல் எது, ஏடெழுதியோர் கைப்பிழை எது எனப் பிரித்தறிய வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றிய மற்றொரு வகை மூலத்தின்பால் இத்தகைய விழிப்பு நம்மிடையே போதிய அளவு இல்லை. சுருள்நாடாவில் பதிவான இசையையும் உரையையும் நாட்டார் வழக்காற்றையும் கேட்டெழுதும் ஆய்வாளர், தம் செவியில் விழுவது பாடியவரின் குரலே என்று நம்பிவிடுகின்றனர். அதில் ஒரு பகுதி கருவியின் கோளாறாகவும் இருத்தல் கூடும். வானொலி நிலையத்தார் 'ஸ்பூல்' என வழங்கும் அந்நாடாக்களை மீளக் கேட்பதில் நேரும் பிழைகளை, தில்லியில் குவிந்துள்ள பதிவுகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தில்லிக்கு வந்த நாடா

காந்த நாடாவின் வரலாறு செர்மனியில் தொடங்குகிறது. ஃபிரிட்சு ஃப்ளொய்மர் 1928இல் காகிதத்தின்மீது காந்தத்தூள் பூசிய நாடாவை உருவாக்கினார். ஏ.இ.ஜி. நிறுவனத்தின் மேக்னட்டபோன் 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே இத்தொழில்நுட்பம் பிற நாடுகளுக்குப் பரவியது.

தில்லி வானொலி நிலையம் 1936 சனவரி முதல் நாளில் தொடங்கப்பெற்றது. அந்நாளில் ஒலியைச் சேமிக்கத் தட்டுகளே துணை. நாடா இங்கு வேரூன்றிய பத்தாண்டு எது என்பதே நம் ஆய்வுக்கு முதன்மையானது. 1952இல் அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது; வாத்திய விருந்தா எனும் குழுவும் அவ்வாண்டே தில்லியில் அமைந்தது. 1953 சனவரியில் சங்கீத நாடக அகாதெமி தொடங்கப்பெற்றது. 1954 ஏப்பிரலில் வானொலியின் ஒலிப்படியெடுப்புப் பிரிவு உருவாயிற்று. இன்றைய வானொலி ஒலிக்காப்பகத்தின் வித்து அதுவே. கருநாடக இசைவாணர் தலைநகருக்கு வந்து பாடுவதும், அது நாடாவில் தங்குவதும் இவ்வாறு மூன்றே ஆண்டுகளில் வழக்கமாயின. பின்னாளில் இந்திய ஆய்வுக்கான அமெரிக்க நிறுவனத்தின் இனவிசையியல் ஆவணக்காப்பகம் 1982இல் புணேயில் தோன்றித் தில்லி வட்டாரத்திற்கு இடம்பெயர்ந்தது; அயல்நாட்டு அறிஞர் தென்னாட்டுச் சிற்றூர்களில் பதிந்தவற்றின் படிகள் அங்குச் சேர்ந்தன. இந்திரா காந்தி தேசியக் கலைமையமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. தமிழ்நாட்டின் ஒலி வரலாற்றில் குறிப்பிடத்தக்க பங்கு யமுனைக் கரையில் இருக்கிறது எனின் அது மிகையன்று.

ஆனால் இருப்பது வேறு, இழந்தது வேறு. பல பத்தாண்டுகள் தில்லியிலிருந்து வாசிக்கப்பெற்ற தமிழ்ச் செய்திகளை எண்ணுக. பூர்ணம் விசுவநாதன், சரோஜ் நாராயணசுவாமி ஆகியோரின் குரல்கள் தமிழகத்தின் இல்லந்தோறும் ஒலித்தவை. நேரடியாக வாசிக்கப்பட்டமையால் நாடாவில் ஏறாமலே காற்றில் கலந்தவை மிகுதி. அழித்து மீண்டும் பதியலாம் என்பது நாடாவின் சிறப்பாகக் கருதப்பட்ட காலம் அது. உலகெங்கும் வானொலி நிலையங்கள் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டன.

வேகம்

சுவடியில் புள்ளி இல்லாததுபோல், நாடாவில் அதன் வேகம் எழுதப்பட்டிருப்பதில்லை. நொடிக்கு 38 செ.மீ., 19 செ.மீ., 9.5 செ.மீ. என்பன பெருவழக்கான வேகங்கள். 19இல் பதிந்ததை 9.5இல் ஓட்டினால் எவரும் உடனே உணர்வர். இடர் தருவன சிறு வேறுபாடுகளே.

அமெரிக்காவின் மின்னோட்டம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்கிருந்து கொணர்ந்த கருவிக்கு மின்னழுத்தத்தை மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தினாலும் அதிர்வெண் மாறுவதில்லை. ஒத்தியங்கு மோட்டார் உடைய கருவியாயின் அது இங்கு ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். பதிந்தவர் அதே கருவியில் அதே ஊரில் போட்டுக் கேட்டால் பிழை பிழையை ஈடுசெய்துவிடும், ஒன்றும் தோன்றாது. அந்நாடாவை முறையான வேகமுள்ள வேறொரு கருவியில் ஏற்றும்போதுதான் 12 நிமிடப் பாடல் 10 நிமிடத்தில் முடியும். நான்கு கட்டைச் சுருதி ஐந்தரைக் கட்டையாய் ஒலிக்கும். சுரங்களின் விகிதம் கெடாமையால் இராகம் மாறாது. ஆகவே தேர்ந்த செவியும் ஐயுறாமல் போகலாம். பழைய பாடகர் இன்றையோரினும் விரைந்த காலப்பிரமாணத்தில் பாடினர் என எழுதுவோர், அம்முடிவுக்கு முன் மோட்டாரைப் பற்றி ஒரு வினா எழுப்புதல் நலம்.

இதனினும் நுட்பமானது உள்நாட்டுச் சிக்கல். 2002ஆம் ஆண்டளவில் மின்கட்டண முறை சீர்திருத்தப்படும்வரை, வட இந்திய மின்தொகுப்பின் அதிர்வெண் 50இல் நிலைத்து நின்றதில்லை. தேவை மிகுந்த வேளைகளில் 49க்கும் கீழே இறங்கியதுண்டு. 48.5 ஹெர்ட்ஸில் மின்சாரம் வந்த ஒரு மாலைப்பொழுதில் ஒத்தியங்கு மோட்டாரால் பதிந்த கச்சேரியை, 50 ஹெர்ட்ஸில் இயக்கும்போது வேகம் நூற்றுக்கு மூன்று பங்கு கூடும். சுருதி ஏறத்தாழ அரைக்கட்டையின் பாதியளவு உயரும். பதிவின் அடியில் கேட்கும் மின் இரைச்சலை அளந்து வேகத்தைத் திருத்தலாம் என்பர். இங்கு அவ்வழி ஏமாற்றும். மோட்டாரும் இரைச்சலும் ஒரே மின்சாரத்தால் தாழ்ந்தமையால், மீளக் கேட்கையில் இரைச்சல் பழுதின்றி 50 எனவே காட்டும். சுருதிப்பெட்டியின் உலோக நாக்குகள் மின்சாரத்தைச் சாராதவை. ஆதலின் அவற்றின் ஒலியே நம்பத்தக்க சான்று. மின்கலத்தால் இயங்கிய எளிய கையடக்கக் கருவிகளில் நேர்வது வேறு: மின்கலம் தளரத் தளரப் பதிவுவேகம் குறையும்; மீளக் கேட்கையில் பாட்டு போகப்போக உயர்ந்து செல்லும்.

தடமும் சாய்வும்

கால் அங்குல நாடாவின் முழு அகலத்தையும் பயன்படுத்துவது வானொலி நிலைய வழக்கம். களப்பணியாளர் கொண்டுசென்ற ஊகர் போன்ற கருவிகளோ பாதி அகலத்தில் பதிந்து, நாடாவைத் திருப்பி மறுபாதியிலும் பதிவன. இதனை அறியாது முழுத்தடக் கருவியில் ஏற்றினால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் ஒருங்கே ஒலிக்கும்.

தில்லியில் ஒரு நிறுவனத்தில், பெயர் இங்கு வேண்டுவதில்லை, இக்கட்டுரையாளர் கண்ட அட்டைக் குறிப்பொன்றில் 'குழுப்பாடல், மொழி தெரியவில்லை' என்றிருந்தது. கேட்டபோது இரு குரல்கள் ஒன்றையொன்று மறித்தன. அரைத்தடக் கருவியொன்றில் ஏற்றக் குழு மறைந்தது. தெளிந்த தமிழில் ஒரு மூதாட்டி ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்.

நாடாவைத் தொட்டுச் செல்லும் 'ஹெட்' எனும் காந்தமுனையில் மிகக் குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. அது நாடாவின் போக்குக்குச் செங்குத்தாக நிற்றல் வேண்டும். பதிந்த கருவியில் ஒரு சாய்வும் கேட்கும் கருவியில் வேறொரு சாய்வும் இருப்பின் நுண்ணொலிகள் மங்கும். 19 செ.மீ. வேகத்தில் பதிந்த முழுத்தட நாடாவில் அரைப்பாகை வேறுபாடே ஏறத்தாழ 3,500 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அறவே இல்லையாக்கிவிடும். சகர உரசொலி முதலில் தேயும். லகர, ளகர, ழகர வேறுபாடும் மங்கக்கூடும். வட்டார வழக்கை ஆராய்பவர் 'இவ்வூரில் ழகரம் ளகரமாயிற்று' என்று குறித்துவிடின், அது பேசுவோரின் திரிபா, திருகாணியின் திரிபா என யார் காண்பர்? காந்தமுனையின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைக் காதால் கேட்டுக்கொண்டே, மிகத் தெளிந்த ஒலி வரும்வரை மெல்லத் திருப்புதலே இதற்கு மருந்து. ஒவ்வொரு நாடாவுக்கும் இதனைப் புதிதாகச் செய்தல் வேண்டும்.

சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் காந்தப்பதிவு ஒற்றிக்கொள்வதும் உண்டு. பாடகர் வாய் திறக்குமுன் அவர் குரலே மெலிதாய்க் கேட்கும். வில்லுப்பாட்டுப் பதிவொன்றில் இதனை அடியெடுத்துக் கொடுப்பவரின் குரலென மயங்க இடமுண்டு. ஓட்டி முடித்த நாடாவைத் திருப்பிச் சுற்றாமல் கடைமுனை வெளியே இருக்குமாறு வைப்பதன் காரணம், இவ்வொற்றலில் வலியது குரலுக்கு முன் வராமல் பின் வந்து அதனுள் மறைய வேண்டும் என்பதே.

பிசுபிசுப்பு

இதுவரை கூறியவை திருத்தத்தக்கவை. நாடாவே அழிவது வேறு. 1970, 80களில் வெளிவந்த சில நாடாக்களில் காந்தத்தூளை ஒட்டிவைத்திருக்கும் பாலியூரிதேன் பசை, ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. கேட்கத் தொடங்கியதும் கிறீச்சென்ற ஒலி எழும்; ஓட்டம் தளரும்; காந்தமுனையில் பழுப்பு நிறக் கசடு படியும். அக்கசடு பதிவே அன்றி வேறன்று. உடனே நிறுத்துதல் வேண்டும். இத்தகைய நாடாவை ஏறத்தாழ 50 பாகை செல்சியசு வெப்பத்தில், ஈரமற்ற சூழலில், எட்டு மணி நேரமோ மேலுமோ வைத்தால் சில வாரங்களுக்கு இயங்கும் நிலை பெறும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். இம்முறைக்கு ஆம்பெக்ஸ் நிறுவனம் 1993இல் காப்புரிமை பெற்றது. தில்லியின் மே மாத வெயில் இதற்கு மாற்றாகாது. கட்டுப்பாடற்ற வெப்பமும், அதனைத் தொடர்ந்து வரும் பருவமழையின் ஈரமும் நோயை வளர்ப்பனவே.

1950களின் அசிட்டேட் நாடாவுக்கு இவ்வெப்பச் சிகிச்சை ஆகாது. அதனைச் சூடேற்றினால் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். வகையறிதல் எளிது: சுருளை விளக்கின்முன் பிடித்தால் அசிட்டேட் நாடா ஒளியை ஊடுருவ விடும், பாலியெஸ்டர் விடாது. பெட்டியைத் திறந்ததும் காடி நெடி வீசினால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கோளாறு நாடாவிலா கருவியிலா என ஐயம் எழுமிடத்து, பழுதற்ற, இழந்தாலும் கேடில்லாத நாடா ஒன்றை முதலில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இறுகிப்போன பிஞ்ச் ரோலர், அழுக்கேறிய காந்தமுனை, தளர்ந்த பெல்ட் ஆகியவை அப்போதே புலப்படும். அரிய நாடாவைக் கொண்டு கருவியைச் சோதிப்போர் இன்றும் உளர், இது மன்னிக்கத்தக்கதன்று.

ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் 2004இல் வெளியிட்ட நெறிமுறைகள், படியெடுப்போர் வேகம், தடம் முதலியவற்றையும் கருவியில் செய்த மாற்றங்களையும் எழுதிவைக்குமாறு வலியுறுத்துகின்றன. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் 'பிரதிபேதம்' காட்டுவதற்கு இஃது ஒப்பானது. எண்முறைப் படிகள் பெருகியுள்ள இந்நாளில் இக்குறிப்பே பெரிதும் விடுபட்டுள்ளது. கருவிகளும் அவற்றைப் பழுதுபார்க்க அறிந்தோரும் அருகிவருகின்றமையால், யுனெசுகோவும் மேற்கூறிய சங்கமும் நாடாக்களை விரைந்து படியெடுக்குமாறு 2019 முதல் எச்சரித்து வந்துள்ளன. தமிழ்த்துறைகள் தமக்குத் தேவையான பதிவின் எண்முறைப் படியைக் கேட்டுப் பெறும்போது, அதனுடன் படியெடுப்புக் குறிப்பையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். குறிப்பு இல்லையெனில் மூல நாடாவை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டுதல் வேண்டும்.

மேலே சொன்ன ஒப்பாரி நாடாவின் இரண்டாம் பக்கத்து இறுதியில், முன்பு தலைகீழாய் ஒலித்த பகுதியில், பதிந்தவர் மூதாட்டியின் பெயரையும் ஊரையும் கேட்கிறார். அவர் இரண்டையும் சொல்லிவிட்டு, யாருடைய சாவுக்குப் பாடியது என்பதையும் சொல்கிறார். அட்டையில் 'மொழி தெரியவில்லை' என்ற வரி அடிக்கப்பட்டு, அவர் பெயரும் ஊரும் எழுதப்பட்டன.