ஆறு பேர், ஒரு அறை, ஒரு ராத்திரி: ஐரோப்பாவின் மலிவான ரயில் படுக்கை எங்கே போச்சு?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிற ஒரு நேயர் கேட்டிருந்தார்: "நாங்க ஆறு பேர். ராத்திரி ரயில்ல போனா ஹோட்டல் காசு மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க. டிக்கெட் விலையைப் பார்த்தா ஃபிளைட்டே சீப்பா இருக்கு. எங்க ப்ரோ இருக்கு அந்த மலிவான ராத்திரி ரயில்?"

நாலு டிப்ஸ் சொல்லி முடித்துவிடலாம். டிப்ஸ் வரும், கடைசியில். ஆனால் அந்த மலிவு விலை முதலில் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, ஏன் காணாமல் போனது என்று தெரிந்தால், டிக்கெட்டை எப்படித் தேடுவது என்பது தானாகவே புரியும். அதனால 1841-ல ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கோங்க.

1841 ஜூலை 5. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலிருந்து லஃபரோவுக்கு ஒரு ரயில் கிளம்புகிறது. தூரம் பத்துப் பன்னிரண்டு மைல்தான். ஏறியவர்கள் சுமார் 500 பேர். மதுவுக்கு எதிரான ஒரு கூட்டத்துக்குப் போகிறார்கள். ஏற்பாடு செய்தவர் தாமஸ் குக். தச்சு வேலை செய்தவர், மதப் பிரசங்கியும்கூட. ஆளுக்கு ஒரு ஷில்லிங். அந்த விலைக்கு ரயில்வே கம்பெனி ஏன் ஒத்துக்கொண்டது? இத்தனை பேர் வருவாங்கன்னு ஒரு ஆள் முன்னாடியே பொறுப்பு எடுத்துக்கொண்டதால். எத்தனை இடம் காலியாகப் போகுமோ என்ற கவலை கம்பெனிக்குக் குறைந்தது. குரூப் டிக்கெட்டின் அடிப்படைக் கணக்கு இன்றைக்கும் இதுதான்: காலி இடத்தின் நஷ்டத்தை யார் தலையில் ஏற்றுவது? இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடிச்சுக்கோங்க. மிச்சக் கதை முழுக்க இதுதான்.

அது பகல் ரயில். ராத்திரிக்கு வருவோம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு வங்கிக் குடும்பத்துப் பையன், ஜார்ஜ் நாகெல்மாக்கர்ஸ், 1860-களின் கடைசியில் அமெரிக்கா போகிறார். அங்கே ஜார்ஜ் புல்மனின் படுக்கைப் பெட்டிகளைப் பார்க்கிறார். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் மேலும் கீழுமாகப் படுக்கை, மறைப்புக்குத் திரைச்சீலை. யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது, திரைச்சீலை பிடிக்கவில்லை. கதவு வைத்த தனித்தனி அறைகளாகக் கட்டினால்தான் ஐரோப்பாவில் எடுபடும் என்று நினைத்தார். 1872-ல் அவர் தொடங்கிய தொழில்தான் பின்னால் 'வாகோன்-லி' என்ற பெரிய நிறுவனமானது. 1883 அக்டோபர் 4-ஆம் தேதி பாரிஸிலிருந்து கிளம்பிய ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் அவர்களுடையதுதான். பணக்காரர்கள் ரயில். நமக்கு அதில் முக்கியம் அந்தக் கதவு. ஐரோப்பாவில் ரயில் படுக்கை என்றால் அறை என்ற பழக்கம் அங்கேதான் வேர் பிடித்தது.

இப்போ ஒரு எஞ்சினியர் கணக்கு. பகல் ரயிலின் ஒரு பெட்டியில் அறுபது, எழுபது பேர் உட்காரலாம். அதே சீட்டில் ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறுவார். ஒரே நாளில் மூன்று, நான்கு டிக்கெட் விற்கலாம். படுக்கையை 24 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் விற்க முடியும். நடுராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பாதிப் படுக்கைக்கு டிக்கெட் எடுக்க மாட்டார்கள். மூன்று பேர் படுக்கும் 12 அறைகள் இருந்தால், பெட்டிக்கு மொத்தமே 36 பேர். இதோடு விரிப்பு, தலையணை, இரவு முழுக்க விழித்திருக்கும் பணியாளர். ராத்திரி ரயில் இயல்பாகவே செலவு பிடித்த சமாச்சாரம். அது மலிவாகக் கிடைத்த காலங்களில், யாரோ ஒருவர் அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி, ஒரே அறையில் நிறையப் பேரைப் படுக்க வைப்பது. அதற்குப் பெயர் கூஷெட். நம்ம ஊர் ஸ்லீப்பர் கோச்சை நினைச்சுக்கோங்க: லோயர், மிடில், அப்பர், இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. சைடு பெர்த்தை எடுத்துவிட்டு, ஒரு கதவைப் போட்டுப் பூட்டினால் அதுதான் கூஷெட். பத்து அறை என்றால் 60 பேர். பகல் பெட்டியின் கணக்கை நெருங்கிவிட்டோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாதாரண மக்களின் ராத்திரிப் பயணம் இந்த ஆறு படுக்கை அறைகளில்தான் நடந்தது. மேற்கு ஜெர்மனியில் 1948-ல் சில பயண நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்தன. அந்தக் கூட்டு பின்னால் 'டூரோப்பா' என்று பெயர் வாங்கியது. ரயிலை மொத்தமாகப் பிடித்து, படுக்கைப் பெட்டிகளை இணைத்து, தங்கும் இடத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றார்கள். பவேரியா மலையடிவாரத்தின் ரூபோல்டிங் போன்ற சின்ன ஊர்களில் தொழிலாளர் குடும்பங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கின. தாமஸ் குக் கணக்குதான், ராத்திரிக்கு மாற்றியிருந்தார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பா முழுக்க இன்னொரு பெரிய குரூப் ராத்திரி ரயில்களில் போய்க்கொண்டிருந்தது. டூரிஸ்ட் போஸ்டரில் அவர்கள் இருக்க மாட்டார்கள். மேற்கு ஜெர்மனி 1955-ல் இத்தாலியோடும், 1960-ல் ஸ்பெயின், கிரீஸ் நாடுகளோடும், 1961-ல் துருக்கியோடும், 1964-ல் போர்ச்சுகலோடும் ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. இஸ்தான்புல்லில் ஏறியவர்கள் இரண்டு நாளுக்கு மேல் பயணம் செய்து மியூனிக் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் படுக்கை கிடையாது. உட்கார்ந்துகொண்டே இரவைக் கழித்தார்கள். மியூனிக்கில் 11-ஆம் பிளாட்பாரத்துக்குக் கீழே போர்க்காலத்துப் பதுங்கு அறை ஒன்று இருந்தது. அங்கே கூட்டிப்போய், எந்தத் தொழிற்சாலைக்கு யார் என்று பிரித்து அனுப்பினார்கள். 1964 செப்டம்பர் 10-ஆம் தேதி கொலோன் நகரத்தின் டாய்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்கிய போர்ச்சுகல் தச்சர் அர்மாண்டோ ரொட்ரிகஸ் டி சா, பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளி என்று அறிவிக்கப்பட்டார். பூங்கொத்தும் ஒரு மொபெட்டும் கொடுத்தார்கள். அந்த மொபெட் இன்றைக்கு பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சிறப்பு ரயில்களை ஓடவைத்த பணம் எங்கிருந்து வந்தது? ஆள் தேவைப்பட்ட தொழிற்சாலைகள் கட்டிய கட்டணத்திலிருந்து. இங்கேயும் செலவைத் தாங்க ஒருவர் இருந்தார். தொழிலாளிக்குப் படுக்கையும் வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்தது இளைஞர்கள். 1972-ல் சர்வதேச ரயில்வே சங்கத்துக்கு 50 வயது. அதைக் கொண்டாட இன்டர்ரெயில் என்ற பாஸ் வந்தது. 21 வயது வரைக்கும் உள்ளவர்கள், 21 நாடுகளில், ஒரு மாதம் சுற்றலாம். மேற்கு ஜெர்மனியில் விலை 235 மார்க். ஒரு கோடைக்கு மட்டும் என்று ஆரம்பித்தார்கள். வரவேற்பைப் பார்த்துத் தொடர்ந்தார்கள். 1976-ல் வயது வரம்பு 23, 1979-ல் 26. ராத்திரி ரயில் விடுதியாக மாறியது அப்போதுதான். காசு இல்லாத பையன்களும் பெண்களும் சாயங்காலம் போர்டைப் பார்ப்பார்கள். எட்டு மணி நேரத் தூரத்தில் எந்த ஊர் இருக்கிறதோ அதில் ஏறுவார்கள். ஊரைவிடத் தூக்கம் முக்கியம். இந்த மலிவு, நாட்டு அரசுகளின் ரயில்வேக்கள் சேர்ந்து எடுத்த முடிவு. காலியாக ஓடும் இருக்கைகளை இளைஞர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார்கள், கொடுத்தார்கள்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? மூன்று விஷயம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்தது. முதலாவது, அதிவேக ரயில். 1981-ல் பாரிஸ்–லியோன் தடத்தில் தெஜெவே ஓடத் தொடங்கியதும், ஒரு ராத்திரி போக வேண்டிய ஊர்கள் பல, பகலில் சில மணி நேரமாகச் சுருங்கத் தொடங்கின. இரண்டாவது, 1993-ல் ஐரோப்பிய வான்வழிச் சந்தை திறக்கப்பட்டது. 1997-லிருந்து எந்த ஐரோப்பிய ஒன்றிய விமான நிறுவனமும் இன்னொரு உறுப்பு நாட்டுக்குள்ளேயே விமானம் ஓட்டலாம். ரயன்ஏர், ஈஸிஜெட் விலைகள் வந்தது இப்படித்தான். மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. 1991-ல் வந்த ஒரு ஐரோப்பிய விதி, தண்டவாளக் கணக்கையும் ரயில் ஓட்டும் கணக்கையும் பிரித்தது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரயில் வாடகை கட்ட வேண்டும். ராத்திரி ரயிலின் வேலையே ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதுதான். சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்கோ வரி இல்லை. இந்த எக்ஸெல் ஷீட்டை வைத்துக்கொண்டு ராத்திரி ரயிலை யார் காப்பாற்ற முடியும்?

யாரும் காப்பாற்றவில்லை. 2013 டிசம்பரில் பாரிஸ்–மாட்ரிட் படுக்கை ரயில் நின்றது. 2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே தன் படுக்கை ரயில்களை மொத்தமாகக் கைவிட்டது. 2017-ல் பாரிஸ்–நீஸ் போனது. ஆஸ்திரிய அரசின் ரயில்வே மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. ஜெர்மனி கைவிட்ட தடங்களில் பலவற்றை வாங்கி நைட்ஜெட் என்று ஓட்டியது. கிரெட்டா துன்பெர்க் காலத்தில் ராத்திரி ரயிலுக்கு மறுபடி மவுசு வந்தது. 2021 மே மாதம் பாரிஸ்–நீஸ் திரும்ப வந்தது. அதே வருட டிசம்பரில் வியன்னா–பாரிஸ், 2023 டிசம்பரில் பெர்லின்–பாரிஸ் நைட்ஜெட்கள் வந்தன. எல்லாரும் கைதட்டினோம். 2025 டிசம்பரில் அந்த இரண்டு பாரிஸ் ரயில்களும் நின்றுவிட்டன. பிரெஞ்சு அரசு தன் பங்கு மானியத்தை நிறுத்தியது, அவ்வளவுதான். பெர்லின்–பாரிஸ் தடத்தை எடுத்து ஓட்டுவதாக யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற சின்ன நிறுவனம் அறிவித்தது. 2023 மே மாதம் பிரசெல்ஸ்–பெர்லின் ரயிலைத் தொடங்கியவர்கள் அவர்கள். சாதாரண மக்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டியவர்கள்.

நேயரின் கேள்விக்கு இப்போ பதில் சொல்றேன். தாமஸ் குக், டூரோப்பா, தொழிற்சாலை முதலாளிகள், அரசு ரயில்வேக்கள் என்று காலி இடத்தின் நஷ்டத்தை ஏற்க எப்போதும் ஒருவர் இருந்தார். அவர் விலகினதும் அந்த நஷ்டம் டிக்கெட் விலையாக மாறி நம் மேல் விழுகிறது. குரூப்பாகப் போகிறவர்கள் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், ஒரு அறையை நிரப்புவதன் மூலம்.

அதனால் தலைக்கணக்கு பார்க்காதீங்க, அறைக்கணக்கு பாருங்க. ஆறு படுக்கை கூஷெட் இருக்கும் ரயிலில் ஆறு பேர் போனால், தனி அறையின் நிம்மதி பங்கு அறையின் விலைக்குக் கிடைக்கும். நாலு பேர் என்றால் நாலு படுக்கை அறையின் விலையையும் ஒப்பிடுங்க. ஏழு பேர் என்றால் ஒருத்தர் பக்கத்து அறையில் அந்நியர்களோடுதான் படுப்பார். யார் என்று முதலிலேயே சண்டை போட்டு முடிச்சுடுங்க. மலிவான டிக்கெட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீரும். விற்பனை திறக்கும் நாளை ரயிலுக்கு ரயில் பார்த்து வைங்க. வெள்ளி, ஞாயிறு ராத்திரிகளைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்க. பாஸ் வாங்குவதாக இருந்தால், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு யூரெயில். 27 வயது வரை இளைஞர் விலை. ஆனால் பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். இதைச் சேர்க்காமல் பட்ஜெட் போட்டால் கணக்கு உதைக்கும். கடைசியாக, ஃபிளைட்டோடு ஒப்பிடும்போது ஒரு ராத்திரி ஹோட்டல், லக்கேஜ் கட்டணம், ஏர்போர்ட் போக வர ஆகும் செலவு மூன்றையும் ஆறால் பெருக்கிப் பாருங்க. சில தடங்களில் ரயில் ஜெயிக்கும். சில தடங்களில் ஜெயிக்காது, அங்கே ஃபிளைட்டில் போங்க.

முதலில் எத்தனை பேர் என்று முடிவு பண்ணுங்க. ஊரை அப்புறம் பார்த்துக்கலாம்.