குருவி பாக்கறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?

எங்க தெருவுல ஒரு பொண்ணு, விலங்கியல் முடிச்சிட்டு பறவை ஆராய்ச்சிக்குத்தான் போவேன்னு ஒத்தைக் கால்ல நிக்குது. அவங்கம்மா என்கிட்ட வந்து, "குருவி பாக்கறதுக்கு ஒரு டாக்டர் பட்டமாண்ணே? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க"ன்னாங்க. சரி, சொல்லுவோம்னு பழைய கதைகளைப் புரட்டினேன். கடைசியில் நானே கட்சி மாறிட்டேன் :-)

நம்ம புதுச்சேரிக்கும் இந்தப் படிப்புக்கும் இருநூறு வருஷத்து உறவு. 1816-ல் லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இங்கே வந்து இறங்கினார். 1822 வரை செடி, மீன், பறவை, விலங்கு என்று சேகரித்து பிரான்சுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். இங்கிருந்து போன பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கு, 1820-ல் தெமாரே என்ற விலங்கியலாளர் அவர் பெயரையே வைத்தார்: ரூசெட்டஸ் லெஷனோல்டி.

அந்தக் காலத்து முறை அதுதான். பிடி, பாடம் பண்ணு, பெயர் வை. ஆனா அந்த வௌவால் எந்த மரத்துப் பழத்தைத் தின்னுச்சு, விதையை எங்கே போட்டுச்சு? பாடம் பண்ணின உடம்பு அதைச் சொல்லாது. அதுக்கு உயிரோட இருக்கும்போதே பக்கத்துல உட்கார்ந்து பாக்கணும்.

அப்படிப் பார்த்தவர்களில் முன்னோடி சாலிம் அலி. 1930-ல் பம்பாய் பக்கம் கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகளுக்குக் கீழே மாசக்கணக்கில் காத்திருந்தவர். பட்டம் இல்லைங்கற ஒரே காரணத்தால் அவருக்கு அரசாங்கப் பறவையியலாளர் வேலை கிடைக்கவில்லை. வேடிக்கை என்னன்னா, பின்னாளில் அவருடைய வழிகாட்டுதலில்தான் பம்பாய் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் முனைவர் பட்டம் வாங்கினாங்க!

அதில் ஒருவர் பிரியா டேவிதார். 1970களில் நீலகிரியில் புல்லுருவிக்கும் பூக்கொத்திக் குருவிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். சில புல்லுருவிப் பூக்கள் தானாக விரியாது. குருவி அலகால் தொட்டாத்தான் பட்டுனு வெடிச்சு மகரந்தம் தெறிக்கும். பழத்தைத் தின்ன குருவி எச்சத்தோட போடுற விதை, பசை மாதிரி கிளையில் ஒட்டிக்கிட்டு முளைக்கும். குருவி போனா புல்லுருவியும் போச்சு.

அவர் பிறகு பல வருஷம் பாடம் நடத்தியது எங்கே தெரியுமா? நம்ம காலாப்பட்டில்! 1985-ல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறைக்கு சாலிம் அலி பள்ளின்னே பெயர் வெச்சிருந்தாங்க. பட்டம் இல்லாதவர் பெயரில் பட்டம் கொடுத்த துறை!

மறுநாள் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, அவங்க வீட்டு மாமரத்திலேயே தொங்குற புல்லுருவியைக் காட்டினேன். "இதை யாரு நட்டாங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாங்க. "தெரியலையேண்ணே..."

"உங்க பொண்ணுக்குத் தெரியும். கேளுங்க"ன்னேன்.