பரவல் பரிமாற்றம்

பரவல் பரிமாற்றம் என்பது வெவ்வேறு வழங்கிகளில் உள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தரவுத்தளங்களில் செய்யப்படும் மாற்றங்களை ஒரே செயலாகக் கொண்டு, அனைத்தையும் நிறைவேற்றும் அல்லது அனைத்தையும் கைவிடும் முறை ஆகும். ஓரிடத்தில் மாற்றம் பதிவாகி மற்றோரிடத்தில் பதிவாகாமல் போவதைத் தடுப்பதே இதன் நோக்கம். தொடருந்து முன்பதிவு, வங்கி, சரக்குக் கணக்கு போன்ற துறைகளில் இத்தகைய தேவை எழுகின்றது.

தேவை

இந்தியத் தொடருந்துத் துறையின் கணினிவழி முன்பதிவு 1980களின் நடுவில் புது தில்லியில் தொடங்கியது. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் மையங்கள் அமைந்தன. ஒவ்வொரு மையமும் தன் பகுதி வண்டிகளின் இருக்கைக் கணக்கைத் தன் தரவுத்தளத்திலேயே வைத்திருந்தது. தொடருந்துத் தகவல் முறைமை மையம் (கிரிஸ்) உருவாக்கிய கான்செர்ட் என்னும் மென்பொருளின் மூலம் ஐந்து மையங்களும் 1999 இல் முழுமையாக இணைக்கப்பட்டன. வழங்கிகளுக்கு இடையே பரிமாற்றங்களைக் கொண்டுசேர்க்க ரிலையபிள் டிரான்சாக்சன் ரூட்டர் என்னும் இடைநிலை மென்பொருள் பயன்பட்டது.

எடுத்துக்காட்டாக, இராயபுரத்தில் வசிக்கும் ஒருவர் புது தில்லி - அமிர்தசரசு வண்டிக்குச் சென்னையிலேயே பயணச்சீட்டு வாங்குவதாகக் கொள்வோம். பணம் சென்னையில் பெறப்படுகின்றது. இருக்கை தில்லி மையத்தில் ஒதுக்கப்படுகின்றது. இடையில் தொடர்பு அறுந்தால், பணம் கொடுத்தும் இருக்கை இல்லாத பயணியோ, எவரும் வாங்காமல் பூட்டப்பட்ட இருக்கையோ மிஞ்சும்.

இருகட்ட உறுதிசெய்தல்

இச்சிக்கலுக்குப் பரவலாகப் பயன்படும் தீர்வு இருகட்ட உறுதிசெய்தல் ஆகும். இதனை விளக்கிய தொடக்ககால எழுத்துகளுள் 1978 இல் வெளியான சிம் கிரேயின் கட்டுரை புகழ்பெற்றது. இவர் 1998 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றார்.

முதற்கட்டத்தில், ஒருங்கிணைப்பான் எனப்படும் மென்பொருள் ஒவ்வொரு தரவுத்தளத்தையும் "ஆயத்தமா?" எனக் கேட்கும். ஆயத்தம் என்று கூறும் தரவுத்தளம் தன் மாற்றங்களை நிலையான பதிவேட்டில் எழுதி, உரிய வரிசைகளைப் பூட்டிவைக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில், அனைவரும் ஆயத்தமெனில் "உறுதிசெய்" என்றும், ஒருவரேனும் மறுத்தால் "கைவிடு" என்றும் ஆணை செல்லும். ஆயத்தம் என்று கூறிய தரவுத்தளம் அதன்பின் தானாக முடிவெடுக்க இயலாது. ஆணை வரும்வரை பூட்டுகளுடன் காத்திருக்க வேண்டும். இதுவே இம்முறையின் வலிமையும் குறையும் ஆகும்.

இணைத்த வழங்கிகளில் தோன்றும் பிழைகள்

மைக்ரோசாப்ட் எசுக்யூஎல் சர்வரில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றின் அட்டவணைகளை அணுக "இணைத்த வழங்கி" என்னும் வசதி உண்டு. சாதாரண வினவல் சரியாக இயங்கும். அதையே பரவல் பரிமாற்றத்துக்குள் இட்டால் 7391 ஆம் எண் பிழை தோன்றும். புதியவர்களைக் குழப்பும் இந்நிலைக்குக் காரணம் எளியது. வினவல் வழக்கமாக 1433 ஆம் போர்ட் வழியே செல்கின்றது. பரிமாற்றத்தை ஒருங்கிணைப்பது எம்எசுடிடிசி என்னும் தனிச் சேவை. அது 135 ஆம் போர்ட்டையும், அதனைத் தொடர்ந்து மாறும் எண்ணுடைய வேறொரு போர்ட்டையும் பயன்படுத்துகின்றது. எனவே முதல் வழி திறந்திருப்பது இரண்டாம் வழி திறந்திருப்பதற்குச் சான்றாகாது.

பிழையைக் கண்டறியப் பின்வரும் வரிசை உதவும்:

1. இரு கணினிகளிலும் எம்எசுடிடிசி சேவை இயங்குகின்றதா எனப் பார்க்க வேண்டும். இயங்காவிடில் 8501 ஆம் எண் பிழை தோன்றும்.
2. வலையமைப்புவழி அணுகலும், உள்வரும் மற்றும் வெளிச்செல்லும் பரிமாற்றங்களும் அனுமதிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். விண்டோசு சர்வர் 2003 முதல் வலையமைப்புவழி அணுகல் இயல்பாக மூடப்பட்டே இருக்கும்.
3. ஒவ்வொரு கணினியும் மற்றதை அதன் பெயரால் கண்டடைய வேண்டும். இச்சோதனை இரு திசைகளிலும் செய்யப்பட வேண்டும். ஐபி முகவரியால் தொடர்பு கிடைப்பது போதாது.
4. இடையிலுள்ள தீச்சுவர்களில் மேற்கூறிய போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். மாறும் போர்ட்டுகளை ஒரு குறுகிய எல்லைக்குள் அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.
5. ஒரே படியிலிருந்து நகலெடுத்து நிறுவப்பட்ட கணினிகளில் எம்எசுடிடிசியின் அடையாள எண் ஒன்றாகவே இருக்கக்கூடும். அவ்வாறாயின் ஒன்றில் அச்சேவையை நீக்கி மீண்டும் நிறுவ வேண்டும்.
6. 7395 ஆம் எண் பிழை வந்தால், எக்சாக்ட் அபார்ட் என்னும் அமைப்பு முடக்கப்பட்டிருக்கும். அதனை இயக்க வேண்டும்.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் 02049 ஆம் எண் பிழை வேறு வகையானது. இங்குத் தொடர்பு அறுவதில்லை. வேறொருவர் பூட்டிய வரிசைக்காகக் காத்திருந்து கெடு முடிந்துவிடுகின்றது. இயல்பான கெடு 60 நொடிகள் ஆகும்.

ஐயநிலைப் பரிமாற்றங்கள்

முதற்கட்டம் முடிந்தபின் ஒருங்கிணைப்பான் செயலிழந்தால், ஆயத்த நிலையிலுள்ள தரவுத்தளத்துக்கு முடிவு தெரியாது. இது ஐயநிலை எனப்படும். பூட்டிய வரிசைகளைப் பிறர் பயன்படுத்த இயலாது. ஆரக்கிளில் அவ்வரிசைகளை அணுகுவோருக்கு 01591 ஆம் எண் பிழை கிடைக்கும். எசுக்யூஎல் சர்வரில் இத்தகைய பூட்டுகள் −2 என்னும் அமர்வு எண்ணின்கீழ்த் தென்படும்.

ஒருங்கிணைப்பான் மீண்டதும் தன் பதிவேட்டைப் பார்த்து ஆணையை மீண்டும் அனுப்பும். பெரும்பாலும் சிக்கல் தானாகத் தீரும். மேலாளர் கைமுறையாக உறுதிசெய்யவோ கைவிடவோ வழி உண்டு. எனினும் ஒருங்கிணைப்பானின் பதிவேட்டையும் பிற தரவுத்தளங்களின் நிலையையும் அறியாமல் அவ்வாறு செய்தால், ஓரிடத்தில் உறுதியும் மற்றோரிடத்தில் கைவிடலும் நிகழலாம். அத்தகைய முரண்பாட்டைத் தரவுத்தளம் பின்னர்த் தானாகச் சரிசெய்யாது.

மாற்று முறைகள்

காத்திருப்பைத் தவிர்க்க, எக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987 இல் சாகா என்னும் முறையை முன்வைத்தனர். இதில் ஒவ்வொரு படியும் தனியே உறுதிசெய்யப்படும். பின்னர் வரும் படி தவறினால், முந்தையவற்றை ஈடுசெய்யும் எதிர்ச்செயல்கள் செய்யப்படும்.

2016 இல் தொடங்கிய யுபிஐ பணப்பரிமாற்றத்திலும் எதிர்ச்செயலுக்கு இடம் உண்டு. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் மீன் வாங்கும் ஒருவரின் கணக்கில் பணம் கழிந்து, விற்பவருக்கு உறுதிச்செய்தி வராமல் போகலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, வணிகருக்குச் செலுத்திய இத்தகைய பணம் பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தானாகத் திருப்பப்பட வேண்டும். தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிடில் கெடு ஒரு நாள். கெடு கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும்.

நிலை தெரியாதபோது மீண்டும் பணம் அனுப்பினால் இருமுறை கழியக்கூடும். ஆகவே முதற்பரிமாற்றத்தின் முடிவை அறிந்தபின் அடுத்ததைத் தொடங்குவது நன்று. தரவுத்தள மேலாளருக்கும் இதே விதி பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* தரவுத்தளம்
* இருகட்ட உறுதிசெய்தல்
* இந்திய இரயில்வே
* ஒருங்கிணைந்த பணம் செலுத்தும் இடைமுகம்