சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்

1962ல் கோடவுன் தெருவில் ஓர் ஏற்றுமதிக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். பி.ஏ. படித்தவன் என்பதால் இங்கிலீஷ் கடிதங்களும் என் தலையில் விழுந்தன. வெளிநாட்டுப் புகார்களில் இரண்டு சொற்கள் மாறி மாறி வரும்: ஃபேட், ப்ளீட். இரண்டையும் முதலாளியிடம் ஒரே மாதிரிதான் சொல்வேன்: “சாயம் போகுதாம் ஐயா.”

ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வெயில்ல போகுதா, தண்ணியில போகுதா? வெயில்னா சாயக்காரனைக் கூப்பிட்டுக் கேக்கணும். தண்ணின்னா, உனக்கு அலசத் தெரியலைன்னு எழுதணும்.”

அகராதியைப் புரட்டினேன். ப்ளீட் என்றால் ரத்தம் கசிவது. துணியில் சாயம் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறுவதற்கும் அதுவே சொல். ஃபேட் அப்படி யார் மேலும் ஒட்டாது, இருந்த இடத்திலேயே மங்கும். பூ வாடுவது, பாட்டு மெல்ல ஓய்வது, சினிமாவில் காட்சி இருண்டு போவது எல்லாமே அவர்களுக்கு ஃபேட்தான். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் உப்பில்லாத பண்டத்தை அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். நாம் வாடுவது, மங்குவது, தேய்வது என்று தனித்தனியாகச் சொல்கிறவர்கள். துணி விஷயத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் ‘சாயம் போச்சு’தான்.

இத்தனைக்கும் சோழமண்டலக் கரை பேர் வாங்கியது போகாத சாயத்துக்கு. சாயவேர், அதாவது இம்பூறல், கடலோர மணலில் வளரும் சிறு செடி. அந்தக் காலத்தில் ராமேசுவரத்திலும் மன்னாரிலும் வேரைத் தோண்டி எடுப்பார்கள். துணியைக் கடுக்காயிலும் படிகாரத்திலும் பக்குவப்படுத்தி, இந்த வேரோடு கொதிக்கவைத்தால் ஏறும் சிவப்பு, துவைக்கத் துவைக்கத் துலங்கும். ஐரோப்பாவில் பருத்தியில் இப்படி நிறம் ஏற்றத் தெரியாமல் தவித்தார்கள். 1742ல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், நம் சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட முறையை விவரமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். இந்த ஒரு காரியத்துக்காக எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் வேருக்கு வினை வைத்தது அந்தக் கடிதம் இல்லை. 1868ல் ஜெர்மனியில் அலிசரின் சிவப்பை ரசாயனத்தில் செய்துவிட்டார்கள். 1897ல் செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்தது. அவுரித் தொட்டிகள் காய்ந்தன.

பிழைத்தது எது என்றால், சாயம் போகும் கட்டத் துணி! 1958ல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, கேப்டன் கிருஷ்ணன் நாயர் என்ற இந்திய ஏற்றுமதியாளரிடம் கெஜம் ஒரு டாலர் விலையில் மெட்ராஸ் என்ற இந்தக் கட்டத் துணியை வாங்கி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் துணிக்கடைக்கு விற்றார். பச்சைத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று தாம் சொல்லியே விற்றதாகவும், அந்தச் செய்தி சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றும் நாயர் பின்னாளில் சொன்னார். இயந்திரத்தில் போட்டவர்களின் துணியெல்லாம் ஒன்றோடொன்று நிறம் கலந்தது. வழக்கு வரும் என்று மிரட்டல் வந்ததாம். அதற்குள் ஒரு பத்திரிகையில், துவைக்கும்தோறும் புது நிறம் காட்டும் கைத்தறி அதிசயம் என்று எழுதவைத்துவிட்டார்கள். பிறகு விளம்பரமே, சாயம் போகும், அதற்கு உத்தரவாதம் என்ற பாணியில் வந்தது. எங்கள் கடைக்கும் ஆர்டர் குவிந்தது. போன மாதம் மன்னிப்புக் கேட்டு எழுதிய குறையை, இந்த மாதம் பெருமையாக எழுதினேன்.

நைஜீரியாவின் கலபாரி மக்கள் விஷயம் வேறு. அவர்களுக்குக் கட்டத் துணி 36 அங்குலச் சதுரங்களாக, 8 கெஜப் பீஸுக்கு எட்டுக் கைக்குட்டையாகப் போகும். அவர்கள் அதற்கு வைத்த பெயர் இன்ஜிரி. அசல்தானா என்று முகர்ந்து பார்த்து வாங்குவார்கள் என்பதால், நிறத்தைவிட வாசனைக்குத்தான் எங்கள் கடையில் பயந்தோம். அங்கே அது தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் இருக்கும் சொத்து. வீட்டில் சாவு நேர்ந்தால் எடுத்துக் கட்டிலை அலங்கரிப்பார்கள். மங்கிவிட்டது என்று அங்கிருந்து ஒரு கடிதம்கூட எனக்கு வந்ததில்லை.

ஓய்வுபெற்ற பிறகு சாயவேரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அலைந்தேன். சாயக்காரர்கள் யாரிடமும் இல்லை. கடைசியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. இம்பூறல் எதற்குக் கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். ரத்தம் கக்குவதை நிறுத்த என்றார் கடைக்காரர்.