மறுத்த கட்டுரையும் காத்த ஏடும்

விஞ்ஞானத்திலோ தொழில்நுட்பத்திலோ ஒருவர் புதியதொன்றைக் கண்டுபிடித்ததாகக் கூறினால், அறிஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எந்த இதழில் வெளிவந்தது?” என்பதே. இதழின் பெயரைக் கேட்டதும் பாதி நம்பிக்கை பிறந்துவிடுகிறது. படிப்பவர் கட்டுரையாளரை நேரில் கண்டதில்லை; அவர் நடத்திய சோதனையின்போது உடனிருந்ததுமில்லை. ஆயினும் நம்புகிறார். நடுவே இதழாசிரியர் ஒருவர் இருக்கிறார், துறை வல்லார் இருவராவது அதைப் படித்துச் சீர்தூக்கியிருப்பர் என்னும் எண்ணமே அந்நம்பிக்கைக்கு அடிப்படையாகும்.

இந்நம்பிக்கையைப் பெறுவதற்கு ஆராய்ச்சி இதழ்கள் எத்தகைய விதிகளை வகுத்துக்கொண்டன? எங்கே தவறின? தவறியபோது என்ன செய்தன? இவற்றை வரலாற்று முறையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓல்டன்பர்க் தொடங்கிய ஏடு

1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரில் தெனி தெ சல்லோ என்பவர் அறிஞர்களுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச் 6ஆம் நாள் இலண்டனில் ‘பிலசாபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்’ என்னும் இதழ் வெளிவந்தது. இதைத் தொடங்கியவர் ஹென்றி ஓல்டன்பர்க். ஜெர்மனியிலுள்ள பிரேமன் நகரில் பிறந்த இவர், இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தவர். ஐரோப்பா முழுவதிலுமிருந்து அறிஞர்கள் இவருக்குக் கடிதம் எழுதுவர். இக்கடிதத் தொடர்பே 1667இல் இவர்மீது ஐயத்தை உண்டாக்கி, சுமார் இரண்டு மாத காலம் இலண்டன் கோட்டைச் சிறையிலும் இருக்கச் செய்தது.

அக்காலத்து அறிஞர்களைப் பெரிதும் வாட்டிய அச்சம் ஒன்றுண்டு. கண்டுபிடித்ததை வெளியே சொன்னால் பிறர் தமதென்று கூறிக்கொள்வர். சொல்லாமல் வைத்திருந்தால் வேறொருவர் முந்திக்கொள்வார். ராபர்ட் பாயில் போன்ற பெரியோருக்கும் இவ்வச்சம் இருந்தது. அச்சிட்ட இதழ் இதற்கு ஒரு தீர்வாக அமைந்தது. இன்னார், இன்ன நாளில், இதைத் தெரிவித்தார் என்பது அச்சிலேறிவிட்டால் பின்னர் வழக்கு எழ இடமில்லை. கட்டுரை வந்து சேர்ந்த நாளை இன்றும் இதழ்கள் தவறாது குறிக்கும் வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதழ் ஓல்டன்பர்க்கின் சொந்த முயற்சி. இலாபமும் நட்டமும் அவருடையனவே. எனினும் சங்கத்தின் ஆட்சிக்குழு ஒரு நிபந்தனை விதித்தது. அச்சிடுமுன் உறுப்பினர் சிலர் படித்துப் பார்க்க வேண்டும், அதன்பின் குழு அனுமதி வழங்கும் என்பது அந்நிபந்தனை. இக்காலத்து மதிப்பீட்டு முறை அப்போதே முழுமையாகத் தோன்றிவிட்டது என்று எண்ணுதல் தவறாகும். எனினும், பதிப்பிப்பவர் ஒருவரே தம் விருப்பப்படி முடிவு செய்யலாகாது என்னும் கருத்து முதல் ஆண்டிலேயே முளைவிட்டிருந்தது.

கேலியால் பிறந்த குழு

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இவ்விதழ் செயலாளர்களின் தனிப் பொறுப்பிலேயே நடந்தது. நல்லனவும் வந்தன, அற்பமானவையும் வந்தன. 1751இல் ஜான் ஹில் என்பவர், சங்கத்தின் வெளியீடுகளில் காணப்பட்ட பிழைகளையும் நம்பத்தகாத செய்திகளையும் திரட்டி, எள்ளி நகையாடி ஒரு நூல் வெளியிட்டார். கேலி தைத்தது. மறு ஆண்டே, அதாவது 1752இல், சங்கம் இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு குழுவையும் அமைத்தது. கட்டுரைகள் மறைமுக வாக்கெடுப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டன. கட்டுரைகளில் காணும் கருத்துக்களுக்குச் சங்கம் பொறுப்பேற்காது என்னும் அறிவிப்பும் இதழில் இடம்பெறலாயிற்று.

நிற்க. வாக்கெடுப்பில் ஒரு குறை உண்டு. ஒரு கட்டுரை ஏன் ஏற்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கு எழுத்து வடிவில் காரணம் இராது. இக்குறையை நீக்க முன்வந்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் ஹியூவெல். ஆங்கிலத்தில் விஞ்ஞானியைக் குறிக்க இன்று வழங்கும் ‘சயன்டிஸ்ட்’ என்னும் சொல்லை ஆக்கியவரும் இவரே. ஒவ்வொரு கட்டுரையையும் உறுப்பினர் இருவர் படித்து, எழுத்தில் அறிக்கை தர வேண்டும், அவ்வறிக்கையையும் வெளியிட வேண்டும் என்று 1831இல் இவர் யோசனை கூறினார். வானநூலறிஞர் ஜார்ஜ் ஏரியின் கட்டுரை முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. படித்தவர்கள் ஹியூவெலும் ஜான் லப்பக்கும். முதல் முயற்சியிலேயே இருவரும் மாறுபட்டனர். கட்டுரையின் பெருமையை உலகுக்கு எடுத்துக்கூற வேண்டுமென்றார் ஹியூவெல்; அதிலுள்ள குறைகளைச் சுட்டித் திருத்தச் செய்ய வேண்டுமென்றார் லப்பக். இறுதியில் 1832இல் ஹியூவெலின் விருப்பத்தையொட்டிய அறிக்கை வெளிவந்தது. ஆயினும் நாளடைவில் நிலைபெற்றது லப்பக்கின் வழியே. அறிக்கைகள் வெளியிடப்படாமல் மறைவாக வைக்கப்பட்டன. மதிப்பீட்டாளர் பாராட்டுபவராக இல்லாமல், வாயிற் காவலராக ஆனார்.

பம்பாயிலிருந்து வந்த கட்டுரை

இக்காவலர் ஒரு முறை வாயிலை அடைத்த கதை நம் கருத்துக்குரியது. ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்பவர் 1811இல் எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1839 முதல் பம்பாயில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு ஆசிரியராகப் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் பௌதிக ஆராய்ச்சி செய்தார். 1845இன் இறுதியில் வாயுக்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார்.

அக்கட்டுரையின் சாரம் இது: வாயு என்பது ஓயாது விரைந்து மோதித் திரியும் நுண்துகள்களின் கூட்டம். வெப்பம் என்பது அத்துகள்களின் இயக்கமே. பலவகை வாயுக்கள் கலந்திருக்கும்போது இலேசான துகள் விரைவாகவும் கனமான துகள் மெதுவாகவும் ஓடும். ஆயினும் ஒவ்வொன்றின் சராசரி இயக்க ஆற்றலும் சமமாகவே இருக்கும். இன்று மேல்வகுப்பு மாணவர்கள் படிக்கும் பாடம் இது. அன்று இதை ஏற்பார் இலர்.

கட்டுரை இருவரிடம் சென்றது. ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பேடன் பவல். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவரின் தந்தையார் இவர். கட்டுரையின் அடிப்படைக் கொள்கை ஏற்பதற்கு அரியது என்றார். மற்றவர், மேலே கண்ட அதே லப்பக். கட்டுரை வெறும் பிதற்றல், சங்கத்தில் வாசிக்கவும் தகாதது என்று எழுதிவிட்டார். 1846இல் ஒரு சிறு சுருக்கம் மட்டும் வெளிவந்தது. முழுக் கட்டுரை அச்சேறவில்லை.

கொடுமை இதனோடு நின்றதா? இல்லை. சங்கத்தின் முன் வைக்கப்பட்ட கட்டுரை சங்கத்தின் உடைமை, அதைத் திருப்பித் தருவதில்லை என்பது அக்கால விதி. வாட்டர்ஸ்டன் தமக்கெனப் படி ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே வேறோர் இதழுக்கு அனுப்பவும் அவரால் இயலவில்லை. 1857இல் கிளாசியஸும் 1860இல் மாக்ஸ்வெல்லும் இதே துறையில் கட்டுரைகள் வெளியிட்டுப் புகழெய்தினர். வாட்டர்ஸ்டன் பெயரை எவரும் நினைக்கவில்லை. 1883 ஜூன் 18ஆம் நாள் எடின்பரோவில் வீட்டைவிட்டு வெளியே சென்றவர் திரும்பி வரவேயில்லை.

ரேலே பிரபு செய்த பரிகாரம்

1891இல் சங்கத்தின் செயலாளராக இருந்த ரேலே பிரபு, ஒலியைப் பற்றி வாட்டர்ஸ்டன் 1858இல் எழுதிய வேறொரு கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. அதில் பழைய கட்டுரையைப் பற்றிய குறிப்பு ஒன்றிருந்தது. அதைப் பின்பற்றிச் சென்று சங்கத்தின் ஏட்டறையில் தேடினார். மூலப்படி கிடைத்தது! நாற்பத்தைந்து ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. ரேலே அதைத் தம் முன்னுரையுடன் 1892இல் அதே ‘டிரான்ஸாக்ஷன்ஸ்’ இதழில் வெளியிட்டார். இதனை உரிய காலத்தில் வெளியிடாமையால் இத்துறையின் வளர்ச்சி பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தங்கியிருக்கக்கூடும் என்றும் மறைக்காது எழுதினார்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆசிரியருக்குத் துன்பம் தந்தது எதுவோ, அதுவே கட்டுரையைக் காத்தும் தந்தது. பிதற்றல் என்று தள்ளிய கட்டுரையையும் சங்கம் எரித்துவிடவில்லை; எண்ணிட்டு வைத்திருந்தது. மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பையும் பாதுகாத்தது. ஆகவேதான் யார் தவறினார், எவ்வாறு தவறினார் என்று நாம் இன்று அறிய முடிகிறது. ஆசிரியருக்கு ஒரு படியைத் திருப்பித் தந்திருந்தால் அறமும் முழுமை பெற்றிருக்கும்.

பெயருக்காகக் கட்டுரையை எடைபோடும் வழக்கம் ரேலேயையும் விடவில்லை. ஒரு முறை அவர் பெயர் விடுபட்டுப்போன கட்டுரையொன்றைப் பிரிட்டிஷ் விஞ்ஞான மாநாட்டுக் குழுவினர் மறுத்தனர் என்றும், எழுதியவர் யாரெனத் தெரிந்ததும் அதையே ஏற்றனர் என்றும் அவருடைய மகனார் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. தேர்வுத் தாளில் மாணவன் பெயரெழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவது ஏன் என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இன்று பல இதழ்கள் கட்டுரையாளர் பெயரை மறைத்தே மதிப்பீட்டாளருக்கு அனுப்புவதும் இக்காரணம் பற்றியே.

எதிர்ப்பக்கத்துப் பிழை

நல்ல கட்டுரையைத் தள்ளுவது ஒரு பிழையென்றால், பொய்க் கட்டுரையை ஏற்பது மற்றொரு பிழை. இதற்கு நம் காலத்துச் சான்று அமெரிக்காவில் உண்டு. டிரான்சிஸ்டர் பிறந்த இடமான பெல் ஆய்வுக்கூடத்தில் ஹென்ட்ரிக் ஷோன் என்னும் இளைஞர் பணியாற்றினார். தனி மூலக்கூறுகளைக் கொண்டே டிரான்சிஸ்டர் அமைத்ததாக எழுதினார். 2001இல் சராசரி எட்டு நாளுக்கு ஒரு கட்டுரையில் அவர் பெயர் இடம்பெற்றது. ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ முதலிய புகழ்பெற்ற இதழ்கள் விரும்பி வெளியிட்டன.

படிப்பவர் சிலர் ஒன்றைக் கவனித்தனர். மின் அளவைகளில் ஒழுங்கற்ற சிறு நடுக்கங்கள் தோன்றுவது இயல்பு. அவை ஒரு முறை வந்ததுபோல மறுமுறை வாரா. ஷோனின் வெவ்வேறு சோதனைகளைக் காட்டும் வரைபடங்களிலோ அந்நடுக்கங்கள் அச்சு வார்த்தாற்போல ஒன்றாகவே இருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மால்கம் பீஸ்லி தலைமையில் 2002இல் ஒரு குழு விசாரித்தது. மூல அளவைகள் எங்கே என்று கேட்டபோது, கணினியில் இடம் போதாமையால் அழித்துவிட்டதாக விடை வந்தது. முறையான சோதனைக் குறிப்பேடும் இல்லை. ஆராய்ந்த 24 குற்றச்சாட்டுகளுள் 16 மெய்ப்பட்டன. ‘சயன்ஸ்’ 8 கட்டுரைகளையும், 2003இல் ‘நேச்சர்’ 7 கட்டுரைகளையும் விலக்கிக்கொண்டன. உடன் எழுதியவர்கள் பொய்யில் பங்குடையவர் அல்லர் எனக் குழு விடுவித்தது. எனினும், பெயரில் பங்கு கொண்டவர் பொறுப்பில் பங்கு கொள்ள வேண்டாவா என்னும் கேள்வி எழுந்தது, இன்னும் அடங்கவில்லை.

வாட்டர்ஸ்டனையும் ஷோனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னவர் செய்தியில் ஏடு இருந்தது, உண்மை வென்றது. பின்னவர் செய்தியில் ஏடு இல்லை, பொய் வெளிப்பட்டது. இரண்டிலும் தீர்ப்புச் சொன்னது காத்து வைத்த பதிவே.

இன்றைய விதிகள்

1997இல் இங்கிலாந்தில் மருத்துவ இதழாசிரியர் சிலர் கூடிப் பதிப்பு அறத்திற்கென ஒரு குழு அமைத்தனர். இன்று பல துறை இதழ்களும் அதன் நெறிகளை மேற்கொண்டுள்ளன. ஒரே கட்டுரையை ஒரே வேளையில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாகாது. உழைக்காதவர் பெயரைச் சேர்த்தலும் உழைத்தவர் பெயரை விடுத்தலும் குற்றம். பொருளுதவி செய்தவர் யாரென்பதைக் கூற வேண்டும். மதிப்பீட்டாளர் தாம் படித்ததைத் தமக்குப் பயன்படுத்தலாகாது. விலக்கப்பட்ட கட்டுரையை இருந்த இடம் தெரியாமல் அழித்தலும் கூடாது. விலக்கப்பட்டது என்னும் குறிப்போடு, காரணமும் கூறி, அவ்விடத்திலேயே வைக்க வேண்டும்.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. கணினி நிரல் ஒன்று பொருளின்றிக் கோத்த 120க்கும் மேற்பட்ட போலிக் கட்டுரைகள் மாநாட்டுத் தொகுதிகளில் இடம்பெற்றிருந்தது தெரியவந்து, 2014இல் இரு பெரும் பதிப்பகங்கள் அவற்றை நீக்க நேர்ந்தது. படிக்க வேண்டியவர் படிக்கவில்லை என்பதே இதன் பொருள். 2023 முதல், செயற்கை அறிவுப் பொறியைக் கட்டுரையாளராகக் குறிக்கலாகாது என்றும் முன்னணி இதழ்கள் விதித்துள்ளன. தவறு நேர்ந்தால் விடை கூற ஓர் ஆள் வேண்டும் அன்றோ?

தவறே செய்யாத இதழ் உலகில் இல்லை. முந்நூற்றறுபது ஆண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே: இதழின் பெருமை பிழையின்மையில் இல்லை; பிழை நேர்ந்தால் அதைக் காணும் வழியை அடைக்காமையில் இருக்கிறது. மூலத்தைக் காத்தல், காரணத்தை எழுதி வைத்தல், தவறியதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளல் ஆகிய மூன்றும் இருந்தால் காலம் தாழ்ந்தேனும் நீதி கிடைக்கும். வாட்டர்ஸ்டனுக்கு அது அவர் மறைந்து ஒன்பது ஆண்டு கழித்தே கிடைத்தது. உயிரோடு இருப்பவருக்கு உரிய காலத்தில் கிடைக்கச் செய்வதே இன்றைய இதழாசிரியரின் கடமையாகும்.